முதுமையில் ஒரு நற்பயிற்சி

வயது அறுபதைக் கடந்தோருள் பலர், "புதுக் கருவிகள் நமக்கெதற்கு? அவை பிள்ளைகளின் காரியம்" என்று ஒதுங்கி விடுகின்றனர். இது சரியன்று. உடல்நலம், ஓய்வு என்னும் இரு அருட்கொடைகளின் விஷயத்தில் மக்களுள் பலர் நஷ்டமடைகின்றனர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஓய்வுக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஒன்றுண்டு. கைத்தொலைபேசியால் பழைய ஏடுகளையும் படங்களையும் படமெடுத்துக் காப்பதே அது.

முதலாவது, இதனால் நமக்கு விளையும் நன்மை. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் டெனிஸ் பார்க் அம்மையாரின் குழுவினர் செய்த ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. 60 முதல் 90 வயது வரையுள்ளோரில் சிலர் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் மின்னிலக்கப் புகைப்படக் கலை பயின்றனர். சிலர் ஒட்டுத்துணித் தையல் கற்றனர். சிலர் கூடிப் பேசி மகிழ்ந்தனர். சிலர் வீட்டிலேயே சொற்புதிர் போன்ற எளியவற்றில் ஈடுபட்டனர். முயன்று புதியது கற்றோரின் நினைவாற்றலே மேம்பட்டிருந்தது. புகைப்படம் பயின்றோரிடம் அது நன்கு புலப்பட்டது. காரணம் யாது? தெரிந்ததையே செய்தால் மூளைக்கு வேலை குறைவு. அறியாத கருவியைப் பழகும்போது நினைவும் சிந்தனையும் உழைக்கின்றன. எனவே, கடினமென்று விலகாதீர், அக்கடினத்திலேதான் பயனிருக்கிறது.

இரண்டாவது, சமுதாயத்துக்கு விளையும் நன்மை. நம் முன்னோர் தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி அரபுத்தமிழ் எழுதினர். அந்நூல்கள் இன்றும் சில வீடுகளில் பெட்டியடியில் நைந்து கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குப் படமெடுக்கத் தெரியும்; படிக்கத் தெரியாது. வலமிருந்து இடமாகச் செல்லும் பக்க வரிசையைக்கூட மாற்றி விடுவர். 1946-ல் தொடங்கி 1982-ல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் வகுப்புப் படமொன்று உங்களிடம் இருக்கலாம். அதில் நிற்போர் யார் யாரென்று அங்குப் படித்தவரையன்றி எவர் சொல்வார்? அவரும் மறைந்தால் அது முகங்கள் மட்டுமே உள்ள காகிதம்.

செய்முறை எளிது:

1. ஏட்டைச் சமதளத்தில் விரித்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு வையுங்கள். பிளாஷ் வேண்டாம், எழுத்து பளபளத்து மறையும்.
2. கருவியை ஏட்டுக்கு நேர்மேலே பிடியுங்கள். ஓரக் குறிப்புகளையும் விடாதீர்கள்.
3. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள்; நாளடைவில் அது காகிதத்தைக் கெடுக்கும்.
4. பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அன்றே குறித்து, இரு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

கற்க வெட்கம் வேண்டாம். சிங்கப்பூரில் 2020-ல் தொடங்கிய 'சீனியர்ஸ் கோ டிஜிட்டல்' திட்டத்தின்கீழ் மூத்தோர் பலர் கைத்தொலைபேசி பழகினர். வீட்டில் பேரனிடமே கேட்கலாம். அவன் கருவியைக் கற்பிக்கட்டும். நீங்கள் எழுத்தைக் கற்பியுங்கள்.

சகோதர சகோதரிகளே! இவ்வாரமே அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு பக்கமேனும் எடுத்துத் தொடங்குங்கள். வல்ல நாயன் நம் ஓய்வை நற்பயனுள்ளதாக்கி வைப்பானாக! ஆமீன்.