ஆளைப் பார்க்காதே, கேட்பதைப் பார்

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

வேடசந்தூர் மில்லில் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். சந்தோஷம். இனி உன் சம்பளம் மட்டுமல்ல, மில் பணமும் உன் கை வழியாகப் போகும். மோசடிக்காரர்களைப் பற்றிச் சொல்லிவைக்க இதுதான் சமயம். "பேசுகிறவன் அசல் ஆள்தானா என்று பார்த்துக்கொள்" என்றுதான் எல்லாரும் புத்தி சொல்வார்கள். அது போதாது என்பது என் கட்சி. ஆள் அசலா போலியா என்பதைவிட, அவன் கேட்பது முறையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2023 டிசம்பர் 1-ஆம் தேதி, அமலாக்கத்துறையின் மதுரை அலுவலகத்தில் வேலை பார்த்த அங்கித் திவாரி என்ற அதிகாரியை லஞ்ச ஒழிப்புப் போலீசார் திண்டுக்கல்லில் கைது செய்தார்கள். அரசு மருத்துவர் ஒருவரைப் பழைய வழக்கைச் சொல்லி மிரட்டி 3 கோடி ரூபாய் கேட்டார், பேரத்தில் 51 லட்சத்துக்கு இறங்கினார், இரண்டாம் தவணை 20 லட்சத்தை வாங்கியதும் சிக்கினார் என்பது போலீஸ் தரப்பு. குற்றத்தை நிரூபிப்பது கோர்ட்டில் நடக்க வேண்டிய காரியம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. அடையாள அட்டையை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அங்கே குறை கண்டிருக்க முடியாது. ஆளும் அசல், அலுவலகமும் அசல். வழக்கை முடிக்க ரொக்கம் கொடு என்றதுதான் கோணல். அந்த மருத்துவர் புகார் கொடுக்கப் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது.

போலி அதிகாரிகளின் வேலை இதைவிடச் சுலபம். அவர்கள் அதிகாரி மாதிரி ஒரு சட்டையையும் பின்னால் தெரியும் சுவரையும் தயார் செய்தால் போதும். 2024 ஆகஸ்டில், நூல் வியாபாரத்தில் இருக்கிற எவருக்கும் தெரிந்த வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை, சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் மடக்கினார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை மாதிரியே ஒரு நாடகம். அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் பெயரில் ஒருவன் பேசினான். போனது 7 கோடி. பத்மபூஷண் வாங்கிய, 80 வயதைத் தாண்டிய தொழிலதிபர் அவர். படிப்பும் அனுபவமும் காப்பாற்றும் என்றால் முதலில் அவரைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். அவர்கள் கேட்டதை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்: கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே, 'சரிபார்க்க' பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பு. இந்த மூன்றையும் எந்தச் சட்டமும் எவரிடமும் கேட்பதில்லை. இப்படி வீடியோ அழைப்பிலேயே ஆளை மடக்கி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று நம் சட்டப் புத்தகத்திலேயே கிடையாது.

ஏமாறுகிறவன் பேராசைக்காரன், நமக்கென்ன என்று நீ சொல்லலாம். ஓஸ்வாலை வீழ்த்தியது ஆசையல்ல, பயம். ஆசையால் விழுந்தவர்கள் கதையிலும் இதே கணக்குதான். மோசடி வழக்கில் சிக்கிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் போட்டார்கள் என்றது பொருளாதாரக் குற்றப்பிரிவு. கம்பெனி இருந்தது, ஆபீஸ் இருந்தது, கிளைகள் இருந்தன; போய்ப் பார்த்துவிட்டுத்தான் பலரும் போட்டிருப்பார்கள். மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்ற பேச்சை மட்டும் ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்திருந்தால் அது எந்த வியாபாரத்திலும் கட்டாது என்று தெரிந்திருக்கும்.

உண்மையான போலீசாகவே இருந்து, நாம் மறுத்தால் குற்றமாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஆகாது. விசாரணைக்கு அழைக்க எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். கைதுக்குப் பதிலாகத் தரும் ஆஜர் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்பதும் சட்டம். "நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன்" என்று சொல்வதால் எந்த நேர்மையான அதிகாரிக்கும் கோபம் வராது.

இன்னொன்றும் சொல்வார்கள்: எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் தொழில் நடக்காது, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டே வாய்ச்சொல்லில்தானே ஓடுகிறது என்று. உண்மைதான். ஆனால் அங்கே நம்புவது நாளைக்கும் அதே கடையில் உட்கார்ந்திருக்கப்போகிற கமிஷன் மண்டிக்காரரை. ஒரு நாள் தள்ளிக் கேட்டால் அந்த நம்பிக்கை உடைந்துபோகாது. "இப்பவே, பத்து நிமிஷத்துக்குள்ளே" என்று கேட்கப்படும் பணத்துக்கு அந்த ஒரு நாள் ஆகாது. மில்லிலும் அப்படியே. முதலாளி படம் போட்ட எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் அனுப்பச் சொன்னால், அது அவர் எண்ணாகவே இருந்தாலும், வவுச்சரில் கையெழுத்தில்லாமல் அனுப்பாதே. அவர் சத்தம் போட்டால் போடட்டும். மறுநாள் அவரே உன்னை மெச்சுவார். மெச்சாவிட்டாலும் உன் வேலை அதுதான்.

கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு என்று கூடப் படித்தவர்களே கேட்கக்கூடும். திருட்டுப் பணம் ஓடுகிற வாய்க்கால் அது. போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். சிநேகிதம் போனாலும் பரவாயில்லை, கொடுக்காதே. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ராத்திரியைக் கடத்தாதே. கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும். ஓஸ்வால் விஷயத்தில் ஐந்து கோடிக்கு மேல் மீட்க முடிந்தது என்றால் புகார் போனதால்தான். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உன் போனில் பதிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது உன் அம்மா போனிலும் பதிந்து, அது எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடு.

அன்புடன்,
பெரியப்பா