பிள்ளைக்கு முதல் கண்ணாடி



தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் சர்வேசுரன் ஆத்துமத்தையும் புத்தியையும் கொடுத்தே அனுப்புகிறார். ஆயினும் "நான்" என்னும் நினைவு அதற்கு அன்றே விழித்துக்கொள்வதில்லை. அதை எழுப்புகிறவர்கள் யார்? பெற்றோராகிய நீங்கள்தான்.

1972-ம் வருஷம் ஆம்ஸ்டர்டம் என்னும் அமெரிக்க அம்மையார் குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் பொட்டு இட்டு, கண்ணாடி முன் விட்டுப் பார்த்தார். மிகச் சிறியவர்கள் அங்கே வேறொரு பிள்ளை இருப்பதாக எண்ணி விளையாடினார்கள். இருபது மாதம் கடந்தவர்களில் பலர் தங்கள் மூக்கைத் தடவினார்கள். அப்படியானால் வயது வந்தால் போதுமா? போதாது போலும். 1971-ல் கேலப் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் சிம்பன்சிக் குரங்குகளைச் சோதித்தார்கள். கூட்டத்தோடு வளர்ந்தவை கண்ணாடியில் தங்களைக் கண்டுகொண்டன. தனியே வளர்க்கப்பட்டவை கண்டுகொள்ளவில்லை. (குரங்கை நம் பிள்ளைக்கு ஒப்பிட்டதாக எவரும் கோபிக்க வேண்டாம்!)

ருஷிய தேசத்து வைகாட்ஸ்கி (1896–1934) இன்னொன்றைக் கவனித்தார். பிள்ளை முதலில் பிறரோடு பேசுகிறது. பிறகு தனக்குத்தானே சத்தமாய்ப் பேசுகிறது. அப்புறம் அந்தப் பேச்சு உள்ளே போய் யோசனையாகிறது. அடுப்பருகே போகும் சிறுமி, "சூடு, தொடாதே" என்று தனக்கே சொல்லிக்கொள்வதை நீங்கள் கேட்டதில்லையா? அது அம்மாவின் சொல், அம்மாவின் குரலுங்கூட. மனச்சாட்சி சர்வேசுரன் தந்தது. அது பேசப் பழகும் பாஷையோ வீட்டுப் பாஷை.

ஆகவே, "நீ எங்கே உருப்படப்போகிறாய்" என்று தினமும் கேட்கிற பையன், நாளைக்குப் பள்ளியிலும் துறைமுகத்திலும் அதையே தனக்குள் கேட்டுக்கொண்டு நிற்பான். அப்போது திட்டுவதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை.

1542-ல் நம் கரைக்கு வந்த அர்ச். சவேரியார் செய்தது வேறு. எல்லா வீட்டுக்கும் தாமே போக இயலாதபோது, ஜெபம் கற்ற சிறுவரை நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் செய்தார்கள். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லுகிறார். முத்துச்சிப்பி எடுக்கும் குடியில் பிறந்த ஒரு பொடியன்! பெரியவர்கள் அவன் வாயைப் பார்த்து ஜெபம் சொல்லுகிறார்கள். அன்றிரவு பாயில் படுத்தபோது அவன் தன்னை யாரென்று நினைத்திருப்பான்?

இன்று மாலை குடும்ப ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்கள் கடைசிப் பிள்ளை முன்சொல்லட்டும். நடுவில் தடுமாறினால் காத்திருங்கள். கைப்பேசியைப் பார்க்காமல், அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.