பிள்ளைகளின் சண்டையை ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள்

"தம்பி அழுதாலும் பொம்மையைத் தரமாட்டேன் என்கிறாள். சுயநலக்காரியாக வளர்ந்துவிடுவாளோ?" மூன்று வயதுப் பிள்ளையைப் பெற்றவர்கள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. பயம் வேண்டாம். அடுத்தவர் மனதை அறிவது பழகப் பழகத்தான் வரும்.

1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் சிறுவர்களிடம் ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி ஓர் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதினர் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பொதுவாக நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது.

இந்தப் புரிதல் வளர ஒரு நல்ல வழி வீட்டுப் பேச்சு. உளவியலாளர் ஜூடி டன் வீடுகளுக்கே போய், பிள்ளைகள் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் பழகுவதைக் கவனித்தார். உணர்வுகளையும் அவற்றின் காரணத்தையும் அதிகம் பேசிய குடும்பங்களின் பிள்ளைகள், சில மாதங்கள் கழித்துப் பிறர் மனதை நன்றாகக் கணித்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

சண்டை வந்தால்: "ஸாரி சொல்லு" என்பதோடு விடாதீர்கள். "கட்டின கோபுரம் இடிஞ்சுபோச்சேன்னு தம்பி அழறான். உனக்கும் அந்தக் கட்டை வேணும்னு ஆசை. இப்ப என்ன பண்ணலாம்?" என்று இரண்டு பேர் மனதையும் எடுத்துச் சொல்லுங்கள். வழியை அவர்களே யோசிக்கட்டும்.

சொப்பு விளையாட்டில்: டீச்சராக, டாக்டராக, அம்மாவாக நடிக்கும் பிள்ளை இன்னொருவர் இடத்தில் நின்று பார்க்கிறது. கூப்பிட்டால் நீங்களும் நோயாளியாக உட்காருங்கள்.

கதை சொல்லும்போது: நடுவில் நிறுத்தி, "நரி ஒளிஞ்சிருக்கிறது முயலுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள்.

உங்கள் மனநிலையையும் சொல்லுங்கள்: "அம்மாவுக்குக் களைப்பா இருக்கு, உன் மேல கோபம் இல்லை." சொல்லாவிட்டால் பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒற்றைப் பிள்ளையா? சித்தி பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். சின்னச் சண்டைகளுக்கு உடனே ஓடாதீர்கள். அடிதடியானால் மட்டும் குறுக்கிடுங்கள்.

ஆனால் ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமல் இருந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சுயநலக்காரி என்ற பட்டம் மட்டும் வேண்டாம். அவளுக்குத் தேவை, பொறுமையாகப் பேசும் பெரியவர்கள்.