சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்
(விரைவு மின்னேற்று நிலையங்களும் அரசின் நிதியும்)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

கல்லோடு கல்லை உரசித் தீயைக் கண்ட மனிதன், இன்று மின்சாரத்தால் வண்டி ஓட்டுகிறான். புகையும் இரைச்சலும் இன்றி ஓடும் மின்சாரக் கார்களையும் ஆட்டோக்களையும் நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சாலைகளிலும் காண்கிறோம். ஆனால் அவ்வண்டிகள் எங்கே நின்று மின்னேற்றிக் கொள்கின்றன, அந்த நிலையங்களுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் பட்ட பாடுதான் எங்களை எண்ண வைத்தது.

அவர் வாடகைக் கார் ஓட்டுநர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருவோரைச் சென்னை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்பவர். கடன் வாங்கி மின்சாரக் கார் வாங்கினார். குடியிருப்பதோ மாடியில் ஒரு வாடகை வீடு. கார் நிற்பதோ தெருவில். ஆகவே பொது நிலையமே அவருக்குக் கதி. ஓர் இரவு நெடுஞ்சாலை ஓரத்தில் புதிய மின்னேற்றி ஒன்றைக் கண்டு மகிழ்ந்து காரை நிறுத்தினார். இயந்திரம் பளபளவென்று நின்றது; ஆனால் அதில் உயிர் இல்லை. “இன்னும் கரண்ட் கனெக்ஷன் வரவில்லை, சார்” என்றார் காவலாளி. மெல்ல ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலைச் சவாரி போயிற்று. அன்றைய வருமானமும் போயிற்று.

“இயந்திரத்தை வைத்தவர்கள் மின்சாரத்தை வைக்க மறந்தது ஏன்?” என்று தோழி வகுப்பில் கேட்டாள். அந்நிலையம் யாருடையது என்பது இங்கு முக்கியமன்று. அவளுடைய கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

விரைவு மின்னேற்றம் என்பது யாது?

பேட்டரி நேர்திசை மின்னோட்டத்தையே ஏற்கும். மின் கம்பியில் நம் வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். வீட்டில் செருகினால், வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி அதை மாற்றித் தருகிறது. கருவி சிறிது, ஆதலால் வேலையும் மெதுவே நடக்கும். விரைவு நிலையத்திலோ, வெளியே நிற்கும் பெரிய இயந்திரமே அம்மாற்றத்தைச் செய்து, மின்சாரத்தை நேரே பேட்டரிக்கு அனுப்புகிறது.

நாம் படித்த கணக்கைக் கொண்டே இதை அறியலாம். ஒரு காரின் பேட்டரி 30 யூனிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் தரும் வீட்டுச் செருகியில் அது நிரம்ப 10 மணி நேரம் ஆகும். 60 கிலோவாட் இயந்திரத்தில் கணக்குப்படி அரை மணி நேரம். ஆனால் ஏறத்தாழ 80 விழுக்காடு நிரம்பியதும், பேட்டரியைக் காப்பதற்காக மின்னோட்டம் குறைக்கப்படுகிறது. எனவே நடைமுறையில் இன்னும் சிறிது நேரம் கூடும்.

60 கிலோவாட் என்பது எவ்வளவு? 75 வாட் மின்விசிறிகள் 800 ஒரே நேரத்தில் சுழல்வதற்கு ஒப்பாகும். தெருவிலுள்ள சாதாரணக் கம்பியால் இதைத் தாங்க இயலாது. தனி மின்மாற்றி, தடித்த கேபிள், பாதுகாப்புக் கருவிகள் யாவும் வேண்டும். தோழியின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்தது. நம் கண்ணுக்குத் தெரியும் பெட்டி அகப்பை. அதன் பின்னால் இருக்கும் மின்மாற்றியும் கேபிளுமே சட்டி.

அரசு ஏன் பணம் தர வேண்டும்?

நிலையம் இல்லையே என்று மக்கள் வண்டி வாங்கத் தயங்குகின்றனர். வண்டி இல்லையே என்று முதலீட்டாளர் நிலையம் அமைக்கத் தயங்குகின்றனர். இருவரும் தயங்கினால் ஒன்றும் நடவாது. அக்காலத்தில் வழிப்போக்கர்க்காகச் சத்திரமும் சுமைதாங்கிக் கல்லும் அமைத்தார்கள் அல்லவா? எத்தனை பேர் வருவார்கள் என்று இலாபக் கணக்குப் பார்த்து அவற்றை அமைக்கவில்லை. அத்தகைய பொதுப்பணியே இதுவும்.

நார்வே நாட்டில் ‘எனோவா’ என்னும் அரசு நிறுவனம், முதன்மைச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக விரைவு மின்னேற்றிகள் அமைய 2015 முதல் நிதி உதவி செய்தது. 2024-ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள்.

தந்த பணமும் கற்ற பாடமும்

நம் நாட்டில் மத்திய அரசு 2015-இல் ‘ஃபேம்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்தது. தொடக்கத்தில் ஒதுக்கிய 10,000 கோடி ரூபாயில் 1,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கு உரியது. 2020 ஜனவரியில் 62 நகரங்களுக்கு 2,636 நிலையங்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டுக்கு 256. பின்பு 2023 மார்ச்சில், பெட்ரோல் பங்க்குகளில் 7,432 விரைவு நிலையங்கள் அமைப்பதற்காக, மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது.

தொகை பெரிதுதான். ஆயினும் பல இடங்களில் இயந்திரம் வந்து நின்றும், மின் இணைப்பு வந்து சேரத் தாமதமாயிற்று. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக, மின்சாரம் எங்கே என்று கேட்டவருக்கு இயந்திரத்தின் எண்ணிக்கையே விடையாகக் கிடைத்தது.

இப்பாடம் வீண் போகவில்லை. 2024 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில், மொத்தம் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 மின்னேற்றிகள் என்பது குறிக்கோள். 2025 செப்டம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளில், மின்மாற்றி, கேபிள் செலவு தனியே பிரித்துக் காட்டப்பட்டுள்ளது. இரயில் நிலையம், பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில் அச்செலவில் 80 விழுக்காடு வரையும், இயந்திரத்தின் விலையில் 70 விழுக்காடு வரையும் மானியம் உண்டு. வணிக வளாகம் போன்ற தனியார் இடங்களுக்கு மின்மாற்றி, கேபிள் செலவில் மட்டும் 80 விழுக்காடு. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் அரசு வளாகங்களுக்கோ முழுச் செலவும் கிடைக்கும். சட்டியை நிரப்ப வேண்டும் என்பதை அரசு உணர்ந்துவிட்டது என்றே நாங்கள் கருதுகிறோம்.

நம் மாவட்டத்தில்

அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியாவது நம் மாவட்டத்தில்தான். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையும் நம் மண்ணைக் கடந்தே செல்கின்றன. ஆனால் தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கையில், முன்னோடி நகரங்களாகச் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்னும் ஆறுமே குறிக்கப்பட்டன. விளக்கின் அடியில் இருள் என்பது போல, மின்சாரம் பிறக்கும் மாவட்டத்தில் மின்னேற்ற இடம் தேடி அலையும் நிலை வரலாகாது.

நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வழிகாட்டியது. அந்தக் கணக்கின்படி, செங்குன்றத்திலிருந்து ஆந்திர எல்லை வரை பக்கத்துக்கு இரண்டு மூன்று நிலையங்கள் இருந்தால் விதி நிறைவேறிவிடும். ஆனால் சிப்காட்டைச் சுற்றி வாடகை வீடுகளில் வாழும் ஓட்டுநர்களின் தேவை அதனால் நிறைவேறுமா? தொலைவை மட்டும் அளந்தால் போதாது; வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாதவர் எங்கே மிகுதி என்பதையும் பார்க்க வேண்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே, பெற்றோர்களே! அரசின் பணம் என்பது நம் பெற்றோர் செலுத்தும் வரிப்பணமே. ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

ஒன்று, மின்சாரம் பாய்ந்த பின்னரே ஒரு நிலையத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு, இயந்திரம் இயங்குகிறதா இல்லையா என்பதை ஓட்டுநர் வழியிலேயே கைப்பேசியில் அறிய வழி செய்ய வேண்டும். மூன்று, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் இடமாதலால் நல்ல விளக்கும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்க வேண்டும். நாளை எங்களுள் பலர் அவ்விடத்தில் தனியே வண்டியை நிறுத்தப் போகிறவர்கள் அல்லவா?

தோழியின் தந்தையார் இன்றும் அதே சாலையில்தான் கார் ஓட்டுகிறார். அந்த இயந்திரத்தில் விளக்கு எரிகிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்ப்பாராம். அது எரியும் நாளே, ஒதுக்கிய பணம் உரியவரைச் சென்றடைந்த நாள் என்று நாங்கள் கொள்வோம்.