எந்தக் கைலாசபதி?

நாவலப்பிட்டி

அன்புள்ள தம்பிக்கு,

கதையும் கடிதமும் கிடைத்தன. விமர்சகர் கைலாசபதி கேட்கிற யதார்த்தம் இதில் இல்லை, கிழித்துப்போடவா என்று எழுதியிருக்கிறாய். கிழிக்காதே. எந்தக் கைலாசபதி என்று முதலில் சொல்.

நீ படித்திருப்பது 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்தவரை. ஈழத்து எழுத்தில் ஈழத்து வாழ்வு தெரிய வேண்டும் என்று நின்றவர் அவர். பிறகு பர்மிங்காம் போய் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். எழுத்தறியாத பாடகன் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, கைவசமுள்ள தொடர்களைக் கோத்துப் பாடும்போதே கதையை உண்டாக்குகிறான் என்று 1930களில் யூகோஸ்லாவியாவில் அமெரிக்க அறிஞர் மில்மன் பரி கண்டிருந்தார். அந்தத் தடத்தில்தான் கைலாசபதி நம் பாணரைப் பார்த்தார். கிரேக்க வீரப்பாடல்களுக்குப் பக்கத்தில் புறநானூற்றை வைத்தார். 1968இல் ஒக்ஸ்போர்ட் அதை நூலாக்கியது. சங்கப் பாட்டு வாய்மொழிப் பாட்டல்ல என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு இருக்கட்டும்.

அதே 1968இல்தான் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தது. அங்கே பாணன் இல்லை. அச்சு இருக்கிறது, சமூகத்தோடு மோதுகிற தனிமனிதன் இருக்கிறான். மார்க்சியத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் பாட்டுக்குக் கேட்ட கேள்வியை நாவலுக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த கதை எப்படிப் பிறந்தது என்று பார்த்துத்தான் கேள்வியை எடுத்தார். நாங்களோ அவருடைய ஒரு பதிலை மட்டும் எடுத்து முழக்கோலாக்கிக்கொண்டோம்.

நானும் அதைச் செய்தவன். ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை கதை அனுப்பியிருந்தாள். ஒரே வாக்கியம் நாலு இடத்தில் வந்தது. சிவப்பு மையால் மூன்றை வெட்டித் திருப்பி அனுப்பினேன். அது லயத்தில் அவள் கேட்டு வளர்ந்த ஒப்பாரியின் அடி என்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது. அவள் அதற்குப் பிறகு எழுதவேயில்லை.

உன் கதையிலும் கிழவர் மூன்று தரம் அதே சொற்களோடு, காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு இறங்குகிறார். இரண்டாம் தரம் சும்மா வருகிறது, அதைத் திருத்து. மூன்றாம் தரம் எனக்குத் தொண்டை அடைத்தது, அதில் கை வைக்காதே.

இங்கிருந்து ரயிலேறினால் கம்பளை தாண்டி சரசவி உயனவில் இறங்கலாம். கைலாசபதி படித்த பல்கலைக்கழக வளாகம் அங்கேதான். நூலகத்தில் கேட்டு 1968இல் வந்த அந்த இரண்டு நூலையும் அடுத்தடுத்து வாசி. உன் தாத்தா பொன்னர் சங்கர் கதைப்பாட்டுப் பாடுவார் என்று சொன்னாயே, அடுத்த முறை பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வருகிற தொடர்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுது. எந்த இடத்தில் எது வருகிறது என்றும் குறித்து வை. கொப்பியை முதலில் அனுப்பு, கதையைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்