கத்திக்கு முன்னும் பின்னும்

அன்பு மருமகனுக்கு,

படிப்பு முடிந்ததும் மெர்சி ஷிப்ஸ் மருத்துவக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். தாடையில் தலையளவு கட்டியோடு நிற்கும் அந்தப் பையனின் படத்தையும் அனுப்பியிருந்தாய். தாராளமாகப் போய் வா. உன் அம்மா அழுதால் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதை, மயக்க மருந்து டாக்டராகவே காலத்தை ஓட்டியவன் என்ற முறையில் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அப்படிப்பட்ட தாடைக் கட்டிகளில் பல அமெலோபிளாஸ்டோமா. பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுவிலிருந்து கிளம்புவது. புற்றுநோய் மாதிரி உடம்பெங்கும் பரவுவது அபூர்வம். ஆனால் வளர்வதை நிறுத்தாது. நாக்கைத் தள்ளும், வாயை அடைக்கும். கடைசியில் சோறு இறங்காமலோ மூச்சு முட்டியோ ஆள் போய்விடுவார். சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே எடுத்திருந்தால் படம் பிடிக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

கலிபோர்னியாக்காரரான டாக்டர் கேரி பார்க்கர், முகத் தாடை அறுவை நிபுணர். 1978-ல் தொடங்கப்பட்ட இந்தக் கப்பல் அமைப்பில் 1980களில் சேர்ந்தார். கொஞ்ச காலத்துக்கு என்று வந்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார். அங்கே சம்பளம் கிடையாது, தங்கிச் சாப்பிடும் செலவையும் அந்தக் காலத்தில் தொண்டர்களே கட்ட வேண்டியிருந்தது. இதைப் புகழ்ந்து எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கப்பல் ஒரு துறைமுகத்தில் ஏறக்குறைய பத்து மாதம் நிற்கிறது. தாடை எலும்பை வெட்டி எடுத்த இடத்தில் டைட்டானியம் பட்டை வைப்பார்கள். புண் ஆறிச் சில மாதம் கழித்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரும். ஒரு வாரம் முகாம் போட்டுவிட்டு மூட்டை கட்டுகிறவர்களால் இதைச் செய்ய முடியுமா?

திரும்பப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தியோடர் கோச்சரை நினைத்துக்கொள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்காரர். தைராய்டு அறுவையில் உயிரிழப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்த கை அது. 1883-ல், சுரப்பியை முழுதாக எடுத்த பழைய நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் முகம் வீங்கி, பேச்சும் புத்தியும் மந்தமாகிப் போயிருந்தார்கள். தையல் பிரமாதமாக ஆறியிருந்தது, ஆள்தான் பாழாகியிருந்தார். அதோடு முழுதாக எடுப்பதைப் பெரும்பாலும் கைவிட்டார், கண்டதை ஒளிக்காமல் எழுதினார். 1909-ல் நோபல் பரிசு வந்தது. எனக்கென்னவோ, கூப்பிட்டுப் பார்த்தாரே, அதற்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

இன்றைக்கு அதற்கு மாத்திரை உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், ஆயுசுக்கும். பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு அடிபட்டிருந்தால் கால்சியம் இறங்கி விரல்கள் இழுத்துக்கொள்ளும். அதையும் கவனிக்க வேண்டும். எடுத்த கட்டி பயாப்சிக்குப் போய் ரிப்போர்ட் வர நாளாகும். முகாம்காரர்கள் ஊருக்குப் போன பிறகு அதை வாங்கிப் படிப்பவர் யார்? இதைக் கேட்காமல் எந்த முகாமுக்கும் கையெழுத்துப் போடாதே.

இனி நம் திண்டுக்கல் பேகம்பூர் விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2015-ல் லான்செட் ஆணையம் சொன்னது. நம் ஊரை அந்தக் கணக்கில் சேர்த்துப் பேச முடியாது. 2022-ல் திண்டுக்கல்லுக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ.கே. தரியன் முதலானோர் 1955-ல் ஆரம்பித்த கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி விடாப்பிடியாக நின்று 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தது. வந்து போகாமல் தங்கிவிட்ட தொண்டு என்றால் இவைதான்.

அப்படியும் கட்டி வளர்கிறது. "வலிக்கல, விடு" என்பார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று தெருவில் யாராவது ஒருத்தர் சொல்லிவைப்பார். நிச்சயம் ஆகப்போகிற பெண்ணென்றால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. மார்பில் கட்டியென்றால் மகனிடம் எப்படிச் சொல்வது? வெற்றிலையோடு புகையிலை அதக்கிய கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் சூடு என்று மோர் குடிப்பார்கள். தினக்கூலிக்காரர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நின்றால் அடுப்பு எரியாது.

வருஷக்கணக்கில் விட்ட கழுத்துக் கழலையோடு மேசைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூச்சுக்குழல் ஒரு பக்கமாக ஒதுங்கி, நசுங்கிக் கிடக்கும். டியூப் சுலபத்தில் இறங்காது. அறுவை முடிந்தாலும் நிம்மதியில்லை. இத்தனை நாள் அழுத்தத்தில் இருந்த குழல் விறைப்பிழந்து, டியூபை உருவியதும் உள்ளே மடங்கிவிடலாம். ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

ஆகவே கப்பலுக்கு மனு போடு. அதுவரை சும்மா இருக்காதே. லீவுக்கு வரும்போது நம் தெருப் பெண்களிடம் நீ நேரே கேட்டால் சொல்ல மாட்டார்கள், உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போ. கழுத்தில், மார்பில், வாயில் கட்டியோ ஆறாத புண்ணோ இருக்கிறவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஓ.பி. சீட்டுப் போட்டுக் கொடு. அறுவை ஆனவர்களின் பயாப்சி ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் படி. காப்பீட்டு அட்டை எடுக்காத வீடுகளின் பட்டியலை என்னிடம் தா, அந்த அலைச்சல் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா