பிளாட்ஃபாரம் எண் கடைசியில்தான்

மட்டாஞ்சேரி

அன்புள்ள மீனா,

சவுத் ஸ்டேஷன் உதவி மேசையில் உனக்கு வேலை கிடைத்ததை உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷம். அடுத்த வாரம் நீ இங்கே வந்து சேர்ந்தபின் நிதானமாகப் பேச நமக்கு நேரம் வாய்க்காது. என்கொயரி கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே என் சர்வீஸில் பெரும்பகுதி போயிற்று. வேலைக்குச் சேர்ந்ததும் கையேடு ஒன்று தருவார்கள், அதைப் படித்துக்கொள். அதில் இருக்காது என்று எனக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

உன் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "எத்தனாவது பிளாட்ஃபாரம்?" மலையாளத்தில், தமிழில், இந்தியில், மூச்சு வாங்கிக்கொண்டு, பாதிக் கேள்வியை விழுங்கிக்கொண்டு கேட்பார்கள். மேலே போர்டைப் பார்த்து "மூன்று" என்று சொல்லி அனுப்ப ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி வேலையை மட்டும் செய்யாதே. எண்ணைச் சொல்லுமுன் நீ திருப்பிக் கேட்க வேண்டும்: எந்த ஊருக்கு, எந்த வண்டி, டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன்?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதே. எர்ணாகுளத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். உனக்கு வேலை கிடைத்திருப்பது எர்ணாகுளம் ஜங்ஷனில். ஊர்க்காரர் வாயில் அது சவுத். இன்னொன்று எர்ணாகுளம் டவுன், அது நார்த். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஆனால் எம்.ஜி. ரோடு நெரிசலில் அது வேறு ஊர் மாதிரி. வெளியூர்க்காரருக்கு சவுத், நார்த் என்ற பேச்சே தெரியாது. டிக்கெட்டில் 'எர்ணாகுளம்' என்று கண்ணில் பட்டவுடன் கிளம்பி வந்துவிடுவார். டிக்கெட்டை வாங்கிப் பார். பெயருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். 'ஈஆர்எஸ்' என்றால் உன் ஸ்டேஷன், 'ஈஆர்என்' என்றால் நார்த். கடைசி எழுத்தை மட்டும் பார்த்தால் போதும்.

சென்னைக்குப் போகிறவரையே எடுத்துக்கொள். ஆலப்புழையிலிருந்து வரும் சென்னை எக்ஸ்பிரஸ் (22640) சவுத்தில் நிற்கும். திருவனந்தபுரம் மெயில் (12624) நார்த்தில் நிற்கும். இரண்டும் ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் சென்னை சேரும் வண்டிகள். "சென்னை வண்டி எங்கே?" என்று கேட்டவருக்கு ஒரு பிளாட்ஃபாரம் எண்ணைச் சொல்லி அனுப்பினால், பாதிப் பேரை நீ தவறான ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பாய்.

இந்தப் பிரிவு ஏன் என்று தெரிந்துகொண்டால் உனக்கு எளிதாக நினைவில் நிற்கும். ஆலப்புழை வழியாக வரும் வண்டி சவுத்துக்குள் வந்து, நேராக வடக்கே போய்விடலாம். கோட்டயம் வழியாக வரும் வண்டி சவுத்துக்குள் நுழைந்தால், வந்த பக்கமே திரும்ப வேண்டும். இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை ஒரு பிளாட்ஃபாரமும் அடைபட்டுக் கிடக்கும். இதனால்தான் கோட்டயம் வழி வண்டிகள் பலவற்றைச் சவுத்துக்கு வராமல் நார்த் வழியாகவே விடுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஷொர்ணூர் போகும் வேணாடு எக்ஸ்பிரஸையும் 2024 மே 1 முதல் அப்படி மாற்றினார்கள். வருஷக்கணக்காகச் சவுத்தில் இறங்கி ஆபீஸுக்கு நடந்து போனவர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான்; ஷொர்ணூர் வரை போகிறவருக்கு நேரம் மிச்சமானதும் உண்மைதான். சவுத்தில் வேணாடைத் தேடி வருகிறவர் இன்னும் இருப்பார். "அது இங்கே வராது" என்று பாதியில் நிறுத்திவிடாதே, நார்த்துக்கு எப்படிப் போவது என்பதையும் சேர்த்துச் சொல்.

அதற்கு மெட்ரோ இருக்கிறது. உன் ஸ்டேஷனுக்கு அருகில் இருப்பது எர்ணாகுளம் சவுத் மெட்ரோ. ஆலுவா பக்கம் போகும் வண்டியில் ஏறினால் மகாராஜாஸ் காலேஜ், எம்.ஜி. ரோடு, மூன்றாவதாக டவுன் ஹால். எர்ணாகுளம் டவுன் ரயில் நிலையத்துக்குப் பக்கம் அதுதான். ரயில் நிலையத்தின் பெயர் ஒன்று, மெட்ரோவின் பெயர் வேறொன்று என்பதால் பெயரைச் சொல்லாமல் "மூன்றாவது ஸ்டேஷனில் இறங்குங்கள்" என்றே சொல். பதற்றத்தில் இருக்கிறவருக்குப் பெயர் மறந்துபோகும், எண்ணிக்கை மறக்காது. வண்டிக்குக் கால் மணி நேரமே இருந்தால் மட்டும் இந்த யோசனையைச் சொல்லாதே. அடுத்த வண்டி எது என்று பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு உதவி.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் உன்னைத் தேடி நிறைய வருவார்கள். நம் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வைப்பின் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பாட்டி முதல் கைக்குழந்தை வரை மூட்டையோடு கிளம்பும் யாத்திரை அது. சவுத்திலிருந்து வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் (16361) கோட்டயம், புனலூர், தென்காசி, காரைக்குடி என்று சுற்றிக்கொண்டு நேரே அங்கே போகும். ஆனால் தினமும் கிடையாது. காரைக்கால் எக்ஸ்பிரஸ் (16188) பாலக்காடு, கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் வழி. நாகப்பட்டினத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்று, வழி நேர் எதிர். "வேளாங்கண்ணி வண்டி" என்ற சொல்லை நம்பாமல் டிக்கெட்டில் இருக்கும் ஐந்து இலக்க எண்ணைப் பார். எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே வண்டிக்குப் போக ஓர் எண், வர அடுத்த எண். 12623 சென்னையிலிருந்து வருவது, 12624 சென்னைக்குப் போவது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் கண்ணீரோடு இறங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சரி, வண்டி தெரிந்துவிட்டது, ஸ்டேஷனும் சரிதான். இப்போது எண்ணைச் சொல்லலாம். அதையும் உறுதிமொழியாகச் சொல்லாதே. "இப்போது போர்டில் மூன்று என்று இருக்கிறது, பாலம் ஏறுமுன் அறிவிப்பை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல். ஜங்ஷனில் இருப்பது ஆறு பிளாட்ஃபாரம். ஒரு வண்டி தாமதமானாலோ, இங்கேயே முடியும் வண்டி யார்டுக்குப் போக வழி கிடைக்காமல் நின்றாலோ, பின்னால் வருவதை வேறு பிளாட்ஃபாரத்துக்குத் திருப்புவார்கள். வழக்கமாக இந்த வண்டி இங்கேதான் வரும் என்ற ஞானம் போர்ட்டர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் நிறைய உண்டு, பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். நீ அந்த ஞானத்தை வைத்துப் பதில் சொல்லக்கூடாது. அன்றைய போர்டைப் பார்த்து, சந்தேகம் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கேட்டுச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே. நம் ஊர்களில் வழி கேட்டால் தெரியாதவர்கூட மரியாதைக்காக ஏதாவது ஒரு திசையில் கையைக் காட்டிவிடுவார். அந்த மரியாதையால் வண்டியை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

எதிரில் நின்றுகொண்டு "வலது பக்கம்" என்று சொல்லாதே. உன் வலது அவருக்கு இடது. மேசையை விட்டு வெளியே வந்து, அவர் போகவேண்டிய திசையைப் பார்த்து அவர் பக்கத்தில் நின்று சொல். ஒரே நேரத்தில் ஓர் அடையாளம் போதும்: பாலத்தின் படிக்கட்டு, லிஃப்ட், எஸ்கலேட்டர், கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று. அங்கே போனபின் என்ன என்பதை இரண்டாவதாகச் சொல். மூன்றாவது தகவலை யாரும் கேட்பதில்லை. சொல்லி முடித்ததும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல். பெரியவர்களிடம் அப்படிக் கேட்கச் சங்கடமாக இருந்தால், "நான் தெளிவாகச் சொன்னேனா சார்?" என்று பழியை உன் மேல் போட்டுக்கொள்.

பெட்டி எங்கே நிற்கும் என்பதை மறந்துவிடாதே. இப்போதைய எல்எச்பி பெட்டி ஒன்று ஏறக்குறைய 23.5 மீட்டர் நீளம். 22 பெட்டி வண்டி என்றால் அரைக் கிலோமீட்டருக்கு மேல். சரியான பிளாட்ஃபாரத்தில் தவறான முனையில் நிற்கும் பாட்டிக்கு, வண்டி நிற்கும் நேரம் போதாது.

பார்வையில்லாதவர் வந்தால் கையைப் பிடித்து இழுக்காதே. "வரட்டுமா?" என்று கேட்டு உன் முழங்கையைக் கொடு, பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வருவார். படிக்கட்டு வரும்போது ஏறுவதா இறங்குவதா என்று முன்கூட்டிச் சொல்.

மொழியைப் பற்றிப் பயப்படாதே. மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் உருதுவும் அடுத்தடுத்த தெருவில் கேட்கும், அத்தை வீட்டில் ஒரு மாதம் இருந்தாலே காது பழகிவிடும். வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்து வரும் தொழிலாளிகள்தான் அதிகம் தடுமாறுவார்கள். அறிவிப்பு அவர்கள் மொழியில் இருக்காது. சிலருக்குப் படிக்கவும் வராது. அவர்களிடம் குரலை உயர்த்திப் பிரயோஜனம் இல்லை. துண்டுக் காகிதத்தில் வண்டி எண்ணையும் பிளாட்ஃபாரம் எண்ணையும் பெரிதாக எழுதிக் கொடு. போகிற வழியில் இன்னொருவரிடம் அதை நீட்டலாம். மெக்சிகோ நகரத்தில் 1969இல் மெட்ரோ தொடங்கியபோது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் வைத்தார்கள். சாபுல்தெபெக் ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி. எழுத்துத் தெரியாதவரும் வெட்டுக்கிளியில் இறங்கிக்கொள்வார். லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரின் வேலை அது. நம் ரயில்வேக்கு அந்தப் புத்தி வரவில்லை, அதனால் உன் பேனாவை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கடைசி நிமிஷத்தில் பிளாட்ஃபாரம் மாறும் நாளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2025 பிப்ரவரி 15 இரவு புதுதில்லி ஸ்டேஷனில் கும்பமேளாக் கூட்டத்தில் 18 பேர் நசுங்கி இறந்தார்கள். பிரயாக்ராஜ் என்ற பெயரில் இரண்டு வண்டிகள் இருந்ததாகவும், அறிவிப்பைக் கேட்டுக் குழம்பிய ஜனம் இன்னொரு பிளாட்ஃபாரத்துக்குப் பாய்ந்ததாகவும் தில்லி போலீஸ் தரப்பில் முதலில் சொன்னார்கள். ஒருவர் தலைச்சுமை படிக்கட்டில் விழுந்ததுதான் காரணம் என்று ரயில்வே அமைச்சர் பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னார். இரண்டில் எது சரியாக இருந்தாலும் உயிர் போன இடம் படிக்கட்டு. ஆகவே "ஓடுங்க, ஓடுங்க" என்று நீ ஒருபோதும் கத்தாதே. எந்த வண்டி மாறுகிறது, அதன் எண் என்ன, எது மாறவில்லை என்று மூன்றையும் சொல். மாறாத வண்டிக்காரர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தால் படிக்கட்டில் கூட்டம் பாதியாகும். வயதானவர்கள், குழந்தை வைத்திருப்பவர்களை லிஃப்ட் பக்கம் திருப்பு. ஆர்.பி.எஃப். ஆட்களோடு முதல் வாரத்திலேயே பழகி வைத்துக்கொள். அந்த நேரத்தில் படிக்கட்டின் அடியில் நிற்க அவர்கள்தான் வேண்டும்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போவது பற்றிக் கேட்டிருந்தாய். பக்கத்துத் துறைமுகத் தீவில் ஹார்பர் டெர்மினஸ் ஸ்டேஷன் இயங்கிய காலத்தில் நமக்குக் கூப்பிடு தூரத்தில் ரயில் இருந்தது, இப்போது அங்கே வழக்கமான பயணி வண்டி கிடையாது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. ஏறினால் ஹைகோர்ட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து சவுத்துக்கு பஸ். பகல் ஷிஃப்டுக்கு அது சுகம், காற்று வாங்கிக்கொண்டு போகலாம். விடியற்காலை ஷிஃப்ட் போட்டால் படகை நம்பாதே; தோப்பும்படி வழி பஸ்தான். ஸ்டாப் வரை மாமா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், அவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அத்தை